புதிய பெயரும் பழைய கணக்கும்

கலும்பாங் வட்டாரத்துத் தோட்டங்களில் மனிதருடைய கணக்கு கிராணியின் ஏட்டில் மட்டும் எழுதப்பட்டதன்று; லயத்து வாசற்படிகளிலும் எழுதப்பட்டது. எவருடைய பாட்டன் எவருடைய பாட்டனிடம் கடன்பட்டான், எந்தத் தீபாவளிக்கு எவன் குடித்துவிட்டு எவரை அடித்தான் என்பவையெல்லாம் மூன்று தலைமுறைக்கும் மறவாமல் காக்கப்பட்டன. ரப்பர் மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டன. மக்கள் பலர் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். அந்த நினைவும் அவர்களோடு மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று.

இத்தகைய மக்களிடையே, சிறை சென்று மீண்ட இளைஞன் ஒருவன் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு, திருமுழுக்குப் பெற்று, புதிய பெயரோடு வீடு திரும்புகிறான் எனக் கொள்வோம். அவன் குடிப்பதில்லை; பழைய கூட்டாளிகளை நாடுவதில்லை. சாமி மேடையில் விளக்கேற்றும் தாய்க்கு மகன் சமயம் மாறியதில் வருத்தம் உண்டு. மகன் மாறியதில் மகிழ்ச்சியும் உண்டு. ஆனால் அடுத்த வீட்டு அம்மாள் ஒரு கேள்வி கேட்கிறாள்: “இவனைக் கடவுள் மன்னித்துவிட்டார், சரி. இவன் பறித்துக்கொண்டு ஓடிய என் சங்கிலியை யார் கொடுப்பது?”

இக்கேள்வியைக் காழ்ப்பென்று தள்ளிவிடுதல் எளிது, முறையன்று. அறநூல் கற்றோரும் விடை காணத் திணறிய கேள்வியை அந்த அம்மாள் வேலியருகே நின்று கேட்டுவிட்டாள். பொருளை இழந்தவள் ஒருத்தி; மன்னிப்பவர் வேறொருவர். இது எங்ஙனம் பொருந்தும்?

மனிதன் மீண்டும் பிறக்க இயலும் என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படை நம்பிக்கை. முதிர்ந்தவன் எப்படி மறுபடியும் தாய் வயிற்றில் புகுவான் என்று இரவில் வந்து வினவிய நிக்கொதேமுவின் வியப்பு, செய்த வினை பின்தொடரும் என்று கேட்டு வளர்ந்த தமிழருக்கும் உண்டாகும். (சைவமும் வைணவமும் அருளை அறியாதவை அல்ல, ஆயினும் லயத்துப் பேச்சில் வினையே அருளை முந்திக்கொள்ளும்.) எனினும் அருள் கணக்கை அழித்துவிடுகிறது என்று கிறிஸ்தவ மறையும் கூறவில்லை. வரி தண்டி மக்களை ஏய்த்த சகேயுவின் வரலாற்றை நோக்குக. இயேசு முதலில் அவன் வீட்டுக்கு விருந்தினராகச் செல்ல முன்வந்தார். கணக்கு எதுவும் கேட்கவில்லை. அதன் பின்னரே அவன் எழுந்து நின்று, உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏய்த்தவர்களுக்கு நான்கு மடங்கும் தருவதாகச் சொன்னான். ஏற்றுக்கொள்ளுதல் முந்தியது, திருப்பித் தருதல் பிந்தியது. இவ்வரிசை தலைகீழானால் சகேயு மரத்தைவிட்டு இறங்கியே இருக்கமாட்டான். இரண்டாவது நிகழாமலே போயிருந்தால், ஊரார் முணுமுணுத்ததில் தவறென்ன?

இரண்டுக்கும் இடையே சில வேளை நெடுங்காலம் கழிந்துவிடுவதும் உண்டு. ஆங்கிலேயக் கப்பலோட்டி ஜான் நியூட்டன் 1748-இல் கடற்புயலில் சிக்கிக் கடவுளை நோக்கிக் கூவினார். அன்றே தம் மனமாற்றம் தொடங்கிற்று என்பது அவர் கொள்கை. அதன் பின்னரும் 1754 வரை ஆப்பிரிக்க மக்களை விலங்கிட்டு ஏற்றிச் செல்லும் கப்பல்களில் அவர் பணிபுரிந்தார், தலைவராகவும் இருந்தார். குருவானவராகி, உலகெங்கும் பாடப்படும் அருட்பாடலை எழுதிய பின்னரே, 1788-இல் அவ்வணிகத்தின் கொடுமையையும் அதில் தம் பங்கையும் வெளிப்படையாக எழுதினார். புயலுக்கும் அந்நூலுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள்! அவருடைய மனமாற்றம் போலியென்று கூறுவதற்கில்லை. ஆனால் அந்த நாற்பது ஆண்டுகளும் விலங்கிலிருந்தோர்க்கு நாற்பது ஆண்டுகளே.

இனி, மாறியவனுக்கு இடம் தருவோரைப் பற்றியும் பேச வேண்டும். இதற்குத் தென் தமிழகத்திலேயே சான்று உண்டு. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் டச்சுக் குழுமத்தின் படை தோற்றது. சிறைப்பட்டோருள் ஒருவர் டி லனாய். பகைவரின் அலுவலரான அவரை மன்னர் தம் படைக்குப் பயிற்சி தர அமர்த்திக்கொண்டார். ‘வலிய கப்பித்தான்’ என உயர்ந்த அவர் 1777-இல் மறைந்தார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. வென்றவன் இடம் கொடுத்தான். தோற்றவனுக்கு இரண்டாம் வாழ்வு கிட்டியது.

அந்த டி லனாயின் தொடர்பால் கிறிஸ்துவை அறிந்தவர் அரண்மனை அலுவலராயிருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை. இழப்புகளால் மனம் சோர்ந்திருந்த அவருக்கு, யாவும் இழந்த யோபுவின் கதையை டி லனாய் எடுத்துரைத்தார் என்பது மரபு. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பகைவனுக்குக் கிடைத்த இடம் இவருக்குக் கிடைக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டுச் சிறையும் துன்பமும் அடைந்து, 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியது பலருக்குப் பொறுக்கவில்லை என்றும் மரபு கூறும். போரில் எதிர்த்து நின்றவனை மன்னித்த அரசு, வரிசையை மீறியவனை மன்னிக்கவில்லை போலும்.

திருச்சபையும் இதில் முற்றும் கை கழுவ இயலாது. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கோயில், ஒரே பீடத்துக்கு முன் சாதியாரைப் பிரித்து நிறுத்தும் இரு கூடங்களாகக் கட்டப்பட்டது. இடைச்சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறைக்கு முடிவு கட்டப்பட்டதும் அதே ஆண்டில் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 2022-இல் போப்பாண்டவர் பிரான்சிசு தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, சாதியைக் குறிக்கும் ‘பிள்ளை’ என்னும் சொல் அவர் பெயரில் இல்லை. அதற்குச் சற்று முன்னரே, கோரிக்கைகளுக்குப் பின், அது நீக்கப்பட்டிருந்தது. மனிதர் ஒரு நாளில் பெயரை மாற்றிக்கொண்டார். பிறர் அதை முழுமையாக ஏற்க இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

சங்கிலி இழந்த அம்மாளின் கேள்விக்கு நெருங்கிய விடை, பவுல் சிறையிலிருந்து பிலேமோனுக்கு எழுதிய சிறு கடிதத்தில் கிடைக்கிறது. பிலேமோனின் அடிமையான ஒநேசிமு ஓடிப்போனவன் என்றே பெரும்பாலும் கொள்வர். ஒப்பந்தக் காலத்தில் தோட்டத்தை விட்டு ஓடிய கூலிக்குச் சிறைத் தண்டனை விதிக்கச் சட்டம் இருந்ததை எண்ணினால், அவன் அச்சம் தோட்டத்து மக்களுக்கு விளங்காததன்று. பவுல் அவனை எவரும் அறியாத ஊருக்கு அனுப்பிவிடவில்லை. அவனை அறிந்த அதே வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். அடிமையாக அன்று, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள்ள வேண்டினார். கடன் இல்லையென்று சாதிக்கவுமில்லை. அவன் ஏதும் இழப்பு விளைவித்திருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதுமாறும், தாமே செலுத்துவதாகவும் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். ஞானஸ்நானம் கொடுத்து அனுப்புகிற சபைகள் இந்த ஒரு வரியை எத்தனை முறை கையெழுத்திட்டிருக்கும் என்பது வேறு செய்தி.

பிலேமோன் கதவைத் திறந்தானா என்பதை விவிலியம் கூறவில்லை. அக்கடிதம் அவனுக்கு மட்டும் எழுதப்பட்டதுமன்று. அவன் வீட்டில் கூடிவந்த சபையார் அனைவருக்கும் சேர்த்தே எழுதப்பட்டது.