வாடகைக்கு விட வீடு வாங்குவோர் கவனத்திற்கு

 

புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே. வானமும் பூமியும் அவனுடையவை. "என் வீடு, என் மனை" என்று நாம் சொல்லிக் கொள்வதெல்லாம் அவன் சில காலம் நம் கையில் விட்டுவைத்த அமானிதம். இன்று பத்திரத்தில் நம் பெயர் இருக்கிறது. நாம் மண்ணறைக்குப் போன பின் வேறொரு பெயர் ஏறும். அப்படிப் பார்த்தால் இவ்வுலகில் நாமும் குடியிருக்க வந்தவர்களே! இந்த நினைவோடு விஷயத்துக்கு வருவோம்.

திருவண்ணாமலை நாளுக்கு நாள் பெருகி வரும் ஊர். பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளம். ரமணர் 1896-இல் இவ்வூருக்கு வந்தார். அவர் பெயரால் அமைந்த ஆசிரமத்தை நாடி வருவோர், செங்கம் சாலைப் பக்கம் மாதக் கணக்கில் வீடெடுத்துத் தங்குகிறார்கள். 1989-இல் மாவட்டத் தலைநகரானது, 2024-இல் மாநகராட்சியானது. அலுவலர்களும் மாணவர்களும் வியாபாரிகளும் குடிக்கூலிக்கு வீடு தேடுகிறார்கள். கடை நடத்திச் சிறுகச் சேர்த்தவர்களும், வளைகுடாவில் வேர்வை சிந்தித் திரும்பியவர்களும், "இரண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டால் என்ன?" என்று எண்ணுகிறார்கள். அது கூடுமா, கூடினால் எப்படித் தொடங்க வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

கூடும், தடையில்லை

கூலி கொடுத்து ஒன்றின் பயனை அனுபவிக்கும் "இஜாரா" மார்க்கம் அனுமதித்த ஒப்பந்தம். வாடகைக்கு வருபவர் முஸ்லிமாக இருக்க வேண்டுமென்ற நிபந்தனையும் இல்லை. நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத்துக்குப் புறப்பட்டபோது வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்திய இப்னு உரைகித் இஸ்லாத்தில் இல்லாதவர். உயிரையே நம்பி ஒப்படைத்த அந்தப் பயணத்தில் அவர்கள் பார்த்தது நாணயத்தை. நாமும் குடிவருபவரிடம் அதையே பார்க்க வேண்டும். சாராயக் கடைக்கோ வட்டிக் கடைக்கோ என்று தெரிந்தே இடம் கொடுப்பது மட்டும் பாவத்துக்குத் துணைபோவதாகும்.

வீட்டை விற்றவர் அந்தத் தொகையை மீண்டும் அதுபோன்ற சொத்தில் போடாவிட்டால் அதில் பரக்கத் இராது என்ற கருத்தில், ஸயீத் இப்னு ஹுரைஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீது இப்னு மாஜாவில் வருகிறது. நிலையான சொத்தைப் பேணுவது மார்க்கம் விரும்பும் காரியம் என்பதற்கு இதுவே போதும்.

முதலில் கணக்குப் போடுங்கள்

ஒருவர் இருபது லட்சத்தில் வீடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 8,000 ரூபாய், ஆண்டுக்கு 96,000. குடி மாறும்போது ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும், 8,000 போயிற்று. சொத்து வரி, சுண்ணாம்பு, மோட்டார் பழுது என்று 18,000 வைப்போம். கையில் நிற்பது 70,000. போட்ட பணத்துக்கு நூற்றுக்கு மூன்றரை. இதே இருபது லட்சத்தை நூற்றுக்கு ஒன்பது வட்டியில் கடன் வாங்கிப் போட்டிருந்தால், முதலாண்டு வட்டி மட்டுமே 1,80,000! வாடகை முழுவதையும் விழுங்கிவிட்டு மேலும் கேட்கும். வட்டி ஹராம் என்று திருமறை (2:275) சொல்வதை விசுவாசத்தால் ஏற்கிறோம். ஏட்டுக் கணக்கும் அதற்கே சாட்சி சொல்கிறது. ஆகவே சொந்தப் பணம் உள்ள அளவுக்குத் தொடங்குங்கள். ஓர் அறையும் கழிவறையும் கொண்ட சிறு போர்ஷனானாலும் கடனில்லாத வீடே நிம்மதியான வீடு.

போக்கியம் என்னும் மறைமுக வட்டி

வங்கி வட்டிக்கு அஞ்சுகிற சகோதரர்கள் சிலர் அஞ்சாமல் நுழைகிற வாசல் ஒன்று உண்டு. போக்கியம், ஒத்தி, லீஸ் என்று ஊருக்கு ஊர் அதன் பெயர் மாறும். மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாடகையே தராமல் மூன்றாண்டு குடியிருப்பார்கள். பிறகு கொடுத்த பணத்தை முழுதாகத் திரும்பப் பெறுவார்கள். வீடு கட்டப் பணம் போதாதவர் இப்படி வாங்கிக் கட்டி முடிக்கிறார். பணம் வைத்திருப்பவர் பிறர் வீட்டைப் போக்கியத்துக்குப் பிடித்து, உள்வாடகைக்கு விட்டு மாத வருமானம் பார்க்கிறார்.

நன்கு சிந்தியுங்கள். திரும்பி வரும் பணம் கடன். அந்தக் கடனுக்காக மூன்றாண்டு வாடகை விட்டுக் கொடுக்கப்பட்டது. கடன் கொடுத்தவர் அதை முன்னிட்டு நிபந்தனையாகப் பெறும் ஆதாயம் வட்டியே என்பது மத்ஹபுடைய இமாம்கள் ஒப்புக்கொண்ட சட்டம். "இருவருக்கும் சம்மதம்தானே?" என்பார்கள். வட்டி கொடுப்பவரும் சம்மதித்துத்தான் கொடுக்கிறார். சம்மதம் ஹராமை ஹலாலாக்காது. "பெயருக்கு மாதம் நூறு ரூபாய் வாடகை வைத்துக்கொள்கிறோம்" என்பதும் அதே பண்டத்துக்குப் போர்த்திய துணியே.

இதற்கு ஹலாலான வழி இல்லாமலில்லை. மாத வாடகை 6,000 என்று நியாயமாகப் பேசி, மூன்றாண்டு வாடகை 2,16,000 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். அது கடனல்ல, கூலி. மூன்றாண்டு முடிந்ததும் திருப்பித் தர வேண்டியதில்லை. இடையில் அவர் காலி செய்தால் குடியிருக்காத மாதங்களுக்கு உரியதைத் தந்துவிட வேண்டும். வீட்டுக்காரருக்கு மொத்தப் பணம் கிடைக்கிறது. குடியிருப்பவருக்கு வீடு கிடைக்கிறது. நடுவே வட்டி நுழையவில்லை.

யாருடைய மண்?

வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பட்டாவும் பார்ப்பது வழக்கம். முஸ்லிம் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அண்ணன் தம்பிகள் கையெழுத்திட்டு விற்கும் பூர்வீக வீட்டில், சகோதரிகளுக்கு அல்லாஹ் விதித்த பங்கு (4:11) கொடுக்கப்பட்டதா? வக்பு மண்ணா, கோயில் மண்ணா, ஏரிப் புறம்போக்கா? பிறர் மண்ணை ஒரு சாண் அபகரித்தாலும் மறுமையில் அது ஏழு பூமிகளோடு கழுத்தில் மாட்டப்படும் என்ற கருத்துள்ள எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. மலிவு விலையைக் கண்டு மயங்கினால் அந்தச் சுமை நமக்கு.

மண்ணின் இயல்பையும் பார்க்க வேண்டும். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவிலிருந்து பாறையும் சேறும் உருண்டு வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தன. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர். அந்தத் துயரத்தை இவ்வூர் மறக்காது. நம் பிள்ளைகளைப் படுக்க வைக்க அஞ்சும் இடத்தில் பிறர் பிள்ளைகளுக்கு வாடகை பேசுவது எப்படித் தகும்?

வந்தவரை வதைக்காதீர்

பயணிகள் திரளும் ஊரில் வீடு வைத்திருப்பவருக்கு மக்காவின் சட்டத்தில் ஒரு படிப்பினை இருக்கிறது. புனிதப் பள்ளியில் உள்ளூராரும் வெளியூராரும் சமம் என்பது திருமறை (22:25). ஹஜ்ஜுக்கு வருவோர் இறங்கித் தங்குவதற்காக, மக்காவாசிகள் வீடுகளுக்குக் கதவு வைக்க வேண்டாமென ஹள்ரத் உமர் (ரலி) தடுத்ததாக வரலாற்றில் காண்கிறோம். ஹஜ் காலத்தில் அங்கே வீட்டு வாடகை வாங்குவதை இமாம் அபூஹனீபா (ரஹ்) வெறுத்தார்கள். அவ்வீடுகள் உரியவரின் சொந்தம், எனவே வாடகை ஆகும் என்றார்கள் இமாம் ஷாஃபிஈ (ரஹ்).

திருவண்ணாமலை மக்கா அல்ல. அந்தச் சட்டம் இங்கே செல்லாது. வாடகை தாராளமாக வாங்கலாம். ஆனால் வழிப்போக்கரின் இக்கட்டைக் காசாக்க மார்க்கத்தின் பெரியோர் எவ்வளவு கூசினார்கள் என்பதைக் கவனியுங்கள். கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாடகை பேசிவிட்டு, அவர் மூட்டை முடிச்சோடு வாசலில் நிற்கும்போது இன்னொரு வாடகை கேட்பது ஒப்பந்தத்தை முறிப்பதாகும். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி திருமறை (5:1) கட்டளையிடுகிறது. நாள் வாடகை ஆசையில், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளோடு குடியிருக்கும் குடும்பத்தைத் தவணைக்கு முன் எழுப்பி விடுவதும் அத்தகையதே. வந்தவரின் வேதம் வேறாக இருக்கலாம். அவருக்குச் செய்யும் அநீதி நம் ஏட்டில்தான் எழுதப்படும்.

எழுதி வையுங்கள்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே (2:282) திருமறையின் மிக நீண்ட வசனம். நாட்டுச் சட்டமும் அதையே கேட்கிறது. தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது. தகராறு வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. முன்பணத்தை நாம் செலவழித்துவிட்டால் அது நம் மீது கடன். காலி செய்பவரை அலையவிடாமல் திருப்பித் தருவது நம் பொறுப்பு.

ஜகாத்தையும் மறவாதீர். வாடகைக்கு விட்ட வீட்டின் விலைக்கு ஜகாத் இல்லை. வாடகையில் மிஞ்சியது மற்றப் பணத்தோடு சேர்ந்து நிஸாபை அடைந்து ஓராண்டானால் நூற்றுக்கு இரண்டரை கடமை. ஆனால் விலை ஏறியதும் விற்போம் என்ற நிய்யத்தில் வாங்கிய மனை வியாபாரச் சரக்கு. ஆண்டுதோறும் அன்றைய சந்தை விலைக்கு ஜகாத் உண்டு. இதை அறியாமல் கடமையை விட்டவர்கள் பலர்.

சகோதரர்களே! மாதம் பிறந்ததும் வாடகை கேட்டுப் படியேறும்போது, அவ்வீட்டில் ஒருவர் நோயில் படுத்திருக்கக் கண்டால் பத்து நாள் அவகாசம் கொடுத்துத் திரும்புங்கள். நெருக்கடியில் இருப்பவருக்குத் தவணை தரச் சொன்னவன் (2:280) நமக்கும் ஒரு நாள் கணக்குக் கேட்பவன். நம் தவணையும் அவன் கையில்தான் இருக்கிறது.

வல்ல ரஹ்மான் நமக்கு ஹலாலான ரிஜ்கையும் அதில் பரக்கத்தையும் தந்து, மறுமையில் நிலையான வீட்டையும் தந்தருள்வானாக! ஆமீன்.