இனிஷியல் யாருடையது?

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் பிரௌசிங் சென்டரில் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பும் பெண்கள் ஒரு கட்டத்தில் தடுமாறுவார்கள்: 'சர்நேம்'. நமக்கு ஏது சர்நேம்? கல்யாணமாகாதவள் என்றால் அப்பா பெயர், ஆனவள் என்றால் புருஷன் பெயர் என்று டைப் செய்பவரே முடிவு செய்துவிடுவார். எனக்கும் அப்படித்தான் முடிவானது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

அந்தக் கட்டம் ஆங்கிலேயரின் பெயர்முறையை ஒட்டியது. அவர்களின் குடும்பப் பெயர்களில் பல, தொழிலிலிருந்து வந்தவை. இங்கிலாந்தில் மிகப் பரவலான ஸ்மித் என்பது கொல்லர். வெப்ஸ்டர், பாக்ஸ்டர், ப்ரூஸ்டர் ஆகியவற்றின் கதைதான் நமக்கு வேண்டியது. 'ஸ்டர்' பழைய ஆங்கிலத்தில் பெண்பால் விகுதி. வெப்ஸ்டர் நெய்பவள், பாக்ஸ்டர் ரொட்டி சுடுபவள், ப்ரூஸ்டர் பீர் காய்ச்சுபவள். காலப்போக்கில் விகுதி ஆணுக்கும் பொதுவாகி, தொழிற்பெயர் குடும்பப் பெயராக உறைந்து, அப்பாவிடமிருந்து மகனுக்குப் போனது. வெப்ஸ்டர் வீட்டுப் பெண் ஸ்மித்தைக் கட்டிக்கொண்டால் ஸ்மித் ஆகிவிடுவாள். நெய்தவளின் பெயர் அவள் பேத்திக்கு மிஞ்சவில்லை. அதே விகுதி கொண்ட 'ஸ்பின்ஸ்டர்', அதாவது நூல் நூற்பவள், சட்டப் பத்திரங்களில் கல்யாணமாகாதவளைக் குறிக்கும் சொல்லாகி, பிறகு ஏளனமும் ஆனது. அவள் நூற்ற நூலை யார் நினைத்தார்கள்?

அமெரிக்காவின் லூசி ஸ்டோன் 1855இல் மணம் முடித்தபின் கணவர் பெயரை ஏற்க மறுத்தார். துணிச்சல்தான். ஆனால் ஸ்டோன் அவருடைய அப்பா வழிப் பெயர். அம்மாவின் குடும்பப் பெயரை எடுத்திருந்தாலும் அது தாத்தாவின் பெயர். அந்த முறைக்குள் எந்தப் பக்கம் போனாலும் ஓர் ஆணிடம்தான் போய்ச் சேர வேண்டும்.

நம்முடையது வேறு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெயரிலிருந்து சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டதும் அதே மாநாடுதான். பட்டம் போனபின் பெயரோடு நின்றது இனிஷியல். அது குடும்பப் பெயர் இல்லை. ஓர் ஆளின் சொந்தப் பெயரின் முதலெழுத்து. பெரும்பாலும் ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும். ஆகவே அம்மாவின் பெயரை இனிஷியலாகப் போட்டால் அது அம்மாவுடையதே, அதற்குள் தாத்தா ஒளிந்திருக்க முடியாது. வெப்ஸ்டர் வீட்டுப் பெண்களுக்கு வாய்க்காதது நம் கையிலேயே இருக்கிறது.

பிறகு ஏன் செய்வதில்லை? சட்டத்தை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், அப்பா உயிரோடு இருக்கும்போதும் அம்மா இயற்கைக் காப்பாளராக முடியும் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதியும் இளகியது. இளகாதது நம் வாய். அம்மா இனிஷியலைப் பார்த்தால் "அப்பா இல்லையா?" என்கிறோம். அப்பா இனிஷியலைப் பார்த்து "அம்மா இல்லையா?" என்று கேட்டதுண்டா? 'அப்பன் பேர் தெரியாதவன்' என்ற வசவு மகனைப் பார்த்துச் சொல்லப்படுகிறது, மானம் போவதோ அம்மாவுக்கு. அடையாளம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் அந்த ஓர் எழுத்து, அவள் கற்புக்கு ஊர் கேட்கும் அத்தாட்சியாகவும் இருக்கிறது.

ஆவடியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் கார்மெண்ட்ஸுக்கு ஷிப்டுக்கு வரும் பெண்களில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் உண்டு. அவர்கள் மட்டும் அம்மா இனிஷியல் போட்டால், அதுவே கைவிடப்பட்டவளின் முத்திரையாகிவிடும். புருஷனோடு, ஊர் மதிக்க வாழும் பெண்கள்தான் முதலில் போட வேண்டும் என்று நினைக்கிறேன். "எனக்கு அவசியமில்லையே அக்கா" என்கிறாள் ஒரு தோழி. அவசியமில்லாதவள் போட்டால்தானே மற்றவளைப் பார்த்து யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்?

இரண்டு எழுத்தையும் போடலாமே என்பவர்களும் உண்டு. தாராளமாகப் போடலாம். எங்கள் வீட்டில் மகளுக்கு அப்படித்தான் போடுவதாக முடிவாகி, எது முன்னால் என்பதில் பேச்சு நின்றிருக்கிறது.