நான்காவது புகைபோக்கி

ஆரப்பாளையம் பஸ் நிலையத்தின் இரைச்சலை விட்டு வைகைப் பக்கமாக ஒதுங்கும் சந்து ஒன்றில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். பஞ்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற மாதம் அவர் வீட்டுத் திண்ணையில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரு வழக்கு நடந்து கொண்டிருந்தது. அந்த வழியாகப் போன என்னைப் பிடித்து உட்கார வைத்து நியாயம் கேட்டார்கள். வழக்கு ஒரு கப்பலைப் பற்றியது.

சாமானியக் கப்பல் அல்ல, எம்டன். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மானியப் போர்க்கப்பல். துடுக்கான பிள்ளையை 'சரியான எம்டன்' என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அடித்தவன் பெயரை அடிபட்ட ஊர் இத்தனை செல்லமாக வைத்துக் கொண்டது விந்தைதான்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் ரெவெல் கம்பெனியின் எம்டன் பெட்டியைப் பையனுக்கு அனுப்பியிருந்தார். உண்மைக் கப்பலில் 350இல் ஒரு பங்கு. 118 மீட்டர்க் கப்பல் ஏறக்குறைய 34 சென்டிமீட்டராகச் சுருங்கித் திண்ணைப் பலகையில் அடங்கிவிடுகிறது. ஆனால் சுருக்குவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மூன்று சென்டிமீட்டர் பருமனுள்ள கைப்பிடிக் கம்பி இந்த அளவில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பிளாஸ்டிக்கை அவ்வளவு மெல்லியதாக வார்க்க முடியாது. அதனால் பெட்டியோடு வருபவை கொஞ்சம் தடித்தே இருக்கும். அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைக் கம்பித் தட்டிகளைத் தனியாக விற்கிறார்கள். அதையும் வாங்கியிருந்தார் பெரியவர். "பெட்டி சும்மா வந்துச்சு சார். வேலிக்குத்தான் என் பென்ஷன்" என்றார். பீரங்கிக் குழல்களுக்கு விலை கொடுக்கவில்லை. மிக நுண்ணிய ஊசிகளைப் பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு வெட்டி, முனையை ராவி, பத்துப் பீரங்கிகளுக்கும் அவரே குழல் செய்துவிட்டார். அவற்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டியபோது நான் மூச்சை அடக்கிக் கொண்டேன்.

இதற்கெல்லாம் பேரன் ஆட்சேபிக்கவில்லை. வம்பு வந்தது நான்காவது புகைபோக்கியால்.

எம்டனுக்கு உண்மையில் மூன்று புகைபோக்கிகள். நான்கு கொண்ட பிரிட்டிஷ் கப்பல் 'யார்மவுத்' போலத் தெரிவதற்காக, மரச்சட்டத்தில் பாய்த்துணி போர்த்திய ஒரு பொய்ப் புகைபோக்கியை மாலுமிகளே செய்து நிறுத்தினார்கள். அந்த வேஷத்தோடுதான் 1914 அக்டோபர் 28ஆம் தேதி விடியலில் எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து, நங்கூரமிட்டிருந்த 'ஜெம்சுக்' என்ற ருஷ்யக் கப்பலை மூழ்கடித்தது.

"கட்டினவங்க வச்சது மூணு. நாலாவது பொய். பொய்யை ஒட்டினா மாடலே பொய்யாயிடும் தாத்தா" என்றான் பேரன்.

"அன்னைக்கு அது இருந்துச்சாடா, இல்லியா? இருந்ததை வைக்கிறது எப்பிடிடா பொய்யாகும்?" என்றார் பெரியவர்.

இருவர் பக்கமும் நியாயம் இருப்பதாகப் பட்டது. ஊசிக்குழலும் பித்தளை வேலியும் வார்ப்பு அச்சு சொல்ல முடியாமல் விட்ட உண்மையைச் சொல்கின்றன. நான்காவது புகைபோக்கியோ, நடந்த ஒரு பொய்யை உண்மையாகச் சொல்கிறது. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டாவதைத் தள்ளிவிட்டால் எம்டனின் கதையில் எது மிஞ்சும்?

யுத்த தர்மத்தில் இதற்கு ஒரு விதி உண்டு. கடலில் மாறுவேஷம் போடலாம். ஆனால் சுடுவதற்கு முன் சொந்தக் கொடியை ஏற்றிவிட வேண்டும். எம்டனின் தலைவர் முல்லர் பினாங்கில் அப்படியே ஏற்றினார். மொத்தத்தில் அவர் கண்ணியமான மனிதர். பிடித்த வணிகக் கப்பல்களில் இருந்தவர்களை இறக்கிய பிறகே கப்பலை மூழ்கடிப்பது அவர் வழக்கம். ஆனால் அந்த விடியலில் கொடி ஏறியதற்கும் டார்ப்பிடோ பாய்ந்ததற்கும் இடையில், தூக்கத்திலிருந்த ருஷ்ய மாலுமிகளுக்கு என்ன அவகாசம் இருந்திருக்கும்? ஏறத்தாழ 90 பேர் மாண்டார்கள். விதி காப்பாற்றப்பட்டது, யாருக்காக என்று கேட்கத் தோன்றுகிறது.

இதை ஊரார் யுத்தமாக நினைத்துச் சொல்லிக் கொண்டு போக எனக்கு வாய் வரவில்லை. பல வருஷங்களுக்கு முன் ஒரு கதை எழுதினேன். எங்கள் தெருவில் வாழ்ந்து மறைந்த ஆசிரியர் ஒருவரின் நடையை, மூக்குப்பொடி டப்பாவை, கணக்குத் தப்பினால் அவர் தலையைச் சொறியும் விதத்தை எல்லாம் அப்படியே எடுத்துக் கொண்டேன். கதைக்கு ஒரு திருப்பம் தேவைப்பட்டது. பிள்ளைகளின் சம்பளப் பணத்தில் அவர் கைவைத்ததாக ஒன்றைச் சேர்த்தேன். சேர்த்த இடம் தெரியாமல் சேர்த்ததாக எனக்குப் பெருமை. அவருடைய மகள் ஒரு கார்டு எழுதினாள்: "அப்பா அப்படிச் செய்தாரா? எங்களுக்குத் தெரியாதது உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று.

'பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே' என்று கதையின் தலைப்பிலேயே அச்சிட்டிருந்தது. நானும் கொடி ஏற்றியவன்தான்.

திண்ணையில் இதைச் சொல்லவில்லை. "இரண்டு பேரும் சரி" என்று எழுத்தாளனுக்கே உரிய கோழைத்தனத்துடன் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

போன ஞாயிறு மறுபடி போனபோது கப்பல் முடிந்திருந்தது, நான்கு புகைபோக்கிகளோடு. கடைசியில் தாத்தாதான் ஜெயித்தாரா என்று கேட்டேன். பேரன் சிரித்துக் கொண்டே ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்தான். நான்காவது மட்டும் மற்றவை போல இல்லை. ஈர்க்குச் சீவலில் சட்டம் கட்டி மெல்லிய காகிதம் போர்த்தியிருந்தது. "முதல்ல பழைய வேட்டித் துணிதான் வச்சேன் சார். இந்த அளவுக்கு நெசவு கோணிச் சாக்கு மாதிரி தெரிஞ்சுது. நிஜத் துணி துணியாத் தெரியலே, காகிதந்தான் தெரிஞ்சுது" என்றார் பெரியவர். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக, பென்சிலால் இழுத்த தையல் கோடு ஒன்று இருந்தது. பேரன் கேட்டுக் கொண்டபடி, பார்க்கிறவன் கண்ணில் படும் பக்கமாகவே அதைத் திருப்பி வைத்திருந்தார். பசையும் போடவில்லை. தொட்டால் கையோடு வந்தது.

அந்தக் கார்டு இன்னும் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. "இல்லை அம்மா, அதை நான்தான் சேர்த்தேன்" என்று எழுத எத்தனை வரி ஆகிவிடும்? அவள் விலாசம் மாறியிருக்கலாம், விசாரித்துக் கொண்டிருக்கிறேன்.