பன்னிரண்டு கிலோ தெப்பக்குளம்

உங்கள் வீட்டில் ஒரு பொருள் இருக்கும். உபயோகம் கிடையாது. விற்றால் அஞ்சு பைசா தேறாது. ஆனால், தூக்கிப் போட மட்டும் கை வராது. இருக்கிறதா? என் வீட்டில் இருந்ததன் எடை, 12 கிலோ!

அது ஒரு தெப்பக்குளம். 1989 நவராத்திரி கொலுவுக்காக அப்பா சிமென்ட்டில் செய்தது. பக்கத்து வீட்டில் மாடி எடுத்தபோது மிஞ்சிய சிமென்ட்டைக் கேட்டு வாங்கி வந்தார். மூன்று பலகைத் துண்டுகளை, பெரியது அடியில், சின்னது மேலே என்று அடுக்கி ஆணி அடித்தார். மேலே தேங்காய் எண்ணெய் தடவி, ஒரு மரப்பெட்டிக்குள் வைத்தார். ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல். அந்தக் கலவையைக் கொட்டி, நடுவில் கோழி வலைக் கம்பியையும் பதித்தார். இறுகிய பிறகு கவிழ்த்து, பலகையை உருவினால்... நாலு பக்கமும் படி இறங்கும் அசல் கோயில் குளம்!

அன்றைக்கு நான் செய்த உதவி ஒன்று உண்டு. 'சீக்கிரம் காயட்டுமே' என்று அதைத் தூக்கிப்போய் மொட்டை வெயிலில் வைத்தேன். அப்பா பதறிவிட்டார். "சிமென்ட் காயறது இல்லடா... இறுகறது. அதுக்குத் தண்ணிதான் வேணும்!"

நிஜம்தான். சிமென்ட்டும் தண்ணீரும் சேர்ந்து நடக்கிற ரசாயன மாற்றம் அது. ஈரம் போய்விட்டால் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கட்டடங்களில் சாக்கைப் போர்த்தித் தண்ணீர் விடுகிறார்கள். அப்பாவும் ஏழு நாள் ஈரச் சாக்கு போர்த்தினார். ஆனாலும், வெயில் வேலையைக் காட்டிவிட்டது. வடக்கு மூலையில் ஒரு விரிசல். ஈர சிமென்ட்டின் காரம் அப்பாவையும் விடவில்லை. உறை போடாமல் பிசைந்ததில், அந்த நவராத்திரி முழுக்க அவர் விரல் நுனிகள் தோலுரிந்து கிடந்தன. அந்த விரல்களால்தான் குளத்தில் தண்ணீர் விட்டு, காகிதத் தெப்பம் மிதக்க விட்டார்.

அப்புறம் வருஷா வருஷம் அதைப் பரணிலிருந்து இறக்குவதும் ஏற்றுவதும் அப்பாவின் வேலை. 2016-ல் அவர் போன பிறகு, என் வேலை.

சென்ற வருஷம் வீடு மாறினோம். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. "இதுவும் வருதா?" என்றாள் மனைவி, குளத்தைப் பார்த்து. நான் பதில் சொல்லவில்லை. மகள்தான் கேட்டாள்... "தாத்தா ஏன்ப்பா சிமென்ட்ல செஞ்சார்? களிமண்ல செஞ்சிருந்தா பிள்ளையார் மாதிரி கரைச்சிருக்கலாமே!"

யோசித்துப் பாருங்கள். நம் பண்டிகைகளில் பாதிப் பொருட்கள் போவதற்கென்றே வருகின்றன. காலையில் போட்ட கோலம் மதியத்துக்குள் கலைந்துவிடுகிறது. மாவிலைத் தோரணம் வாடுகிறது. களிமண் பிள்ளையார் கரைகிறார். கரைய மறுக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார்களால்தான் நீர்நிலைகளுக்கு வம்பு வந்தது. கொலு பொம்மை வேறு ஜாதி. விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் எல்லாவற்றையும் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைக்கிறோம், அடுத்த வருஷத்துக்கு.

கரைவதில் நிம்மதி இருக்கிறது. நிற்பதில் அன்பு இருக்கிறது, கூடவே ஒரு சுமையும். நான் படித்தது பி.காம். எந்தப் பொருளானாலும் வருஷா வருஷம் தேய்மானம் போட்டு, கடைசியில் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தோலுரிந்த விரல்களுக்கு எத்தனை சதவிகிதம் தேய்மானம் போடுவது?

அமெரிக்காவில் சைமன் ரோடியா என்று ஒருவர் இருந்தார். இத்தாலியிலிருந்து பிழைக்கப் போன தொழிலாளி. லாஸ் ஏஞ்சலீஸின் வாட்ஸ் பகுதியில், தன் வீட்டு மனையில், 1921-லிருந்து 1954 வரை, 33 வருஷம் தனி ஆளாகக் கோபுரங்கள் கட்டினார். இரும்புக் கம்பி, வலை, சிமென்ட் சாந்து, அதில் பதித்த உடைந்த ஓடுகள், கண்ணாடிச் சில்லுகள், கிளிஞ்சல்கள். உயரமான கோபுரம் கிட்டத்தட்ட 100 அடி! இடிந்து விழும் என்று நகர நிர்வாகம் பயந்து, 1959-ல் இழுத்துப் பார்த்தது. அசையவில்லை.

ஆனால், என்னை அசைத்த விஷயம் வேறு. 1955-லேயே ரோடியா அந்த இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சும்மா கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். திரும்பி வரவே இல்லை. கட்டி முடித்தார். வேலை முடிந்தது. அவ்வளவுதான்!

அப்போதுதான் உறைத்தது. 'இதைக் காலமெல்லாம் காப்பாத்துடா' என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அவர் செய்தது ஒன்பது நாள் சந்தோஷத்துக்காக. அதை ஆயுள் கடனாக மாற்றிக்கொண்டது நான். கஷ்டம் என்னவென்றால், 'வேண்டாம்னா விட்டுடு' என்றும் அவர் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியிருக்காது. நம் அப்பா, அம்மாக்கள் பலர் அப்படித்தான் போய்விடுகிறார்கள். பீரோவையும், தையல் மெஷினையும், எவர்சில்வர் அண்டாவையும் விட்டுவிட்டு, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல்.

தெப்பக்குளத்தைப் பழைய வீட்டுக் கொல்லையில், குழாயடியில் வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். எனக்கு? மூன்று நாள் தூக்கம் வரவில்லை என்பதை மறைக்கமாட்டேன்.

அந்த நவராத்திரிக்கு, மகளும் நானும் உள்ளங்கை அகலத்தில் ஒரு குளம் செய்தோம். இந்த முறை இரண்டு பேர் கையிலும் ரப்பர் உறை. சோப்பு டப்பாதான் அச்சு. அச்சிலிருந்து எடுத்ததும் அவள் அதைத் தூக்கிக்கொண்டு பால்கனி வெயிலுக்கு ஓடினாள். என்னையறியாமல் கத்தினேன்... "காயறது இல்லம்மா, இறுகறது!"

அப்பாவின் குரல். 12 கிலோவை விட்டுவிட்டு வந்தேன், இது மட்டும் எப்படி கூடவே வந்தது?

ஈரத்துணியைப் போர்த்திவிட்டு, அடுத்த வேலையையும் அப்போதே முடித்தேன். "இதை நீ எடுத்து வெக்கணும்னு கட்டாயம் இல்ல. என்னிக்காவது பாரமா இருந்தா விட்டுடு. அப்பா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அவள் ஒன்றும் புரியாமல் தலையாட்டினாள். பரவாயில்லை. சொல்லியாகிவிட்டது.

நீங்கள் சொல்லிவிட்டீர்களா?