வன்முறைத் திரையும் வளரும் பிள்ளைகளும்



ஆலய மலரிலே தல மகிமை, விரத பலன், திருவிழாச் சிறப்பு என்பவற்றைப் பற்றி எழுதுவதே வழமை. அவற்றை எழுத என்னிலும் கற்றோர் எமது ஊரில் இருக்கின்றனர். மலர்க்குழுவினர் என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டபோது, ஆலய வீதியில் நாள்தோறும் என் கண்ணிற் படுகின்ற ஒரு விடயத்தையே எழுதுவதென்று தீர்மானித்தேன். எமது பிள்ளைகள் எதைப் பார்க்கின்றார்கள், பார்த்ததைக் கொண்டு என்ன செய்கின்றார்கள் என்பதே அது. இது சமய மலருக்குரியதா என்று சிலர் நினைக்கலாம். பிள்ளையின் உள்ளத்தில் எது குடியிருக்கின்றது என்பது சமயத்துக்கு வெளியே உள்ள விடயமன்று என்பது என் எண்ணம்.

மாலைப் பூசைக்கு முன்பாகத் தெற்கு வீதியிலே சிறுவர்கள் விளையாடுவார்கள். முன்னர் கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும் ஆடிய இடம். இப்போது ஒருவன் பூவரசந் தடியைத் துவக்காக நீட்டுகிறான், மற்றவன் விழுகிறான். விழுந்தவன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பி, "எனக்கு இன்னும் ரெண்டு உயிர் இருக்கு" என்கிறான். ஒருவனுக்கு எத்தனை உயிர் என்று கேட்டேன். "அது கேமைப் பொறுத்தது ஐயா" என்று பதில் வந்தது. பிறவிகள் பல என்று எமது சமயம் சொல்வது இந்தக் கணக்கிலன்று.

பிள்ளைகள் சண்டை விளையாட்டு விளையாடுவதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. வாழைமட்டையில் துவக்குச் செய்து நாங்களும் விளையாடியவர்களே. விழுந்தவனுக்கு நோகும் என்பதும், நொந்தால் அவனுடைய தாயார் வேலிக்கு மேலால் எங்கள் வீட்டாரைக் கூப்பிடுவார் என்பதும் எங்களுக்குத் தெரியும். திரையிலே அடிபடுபவனுக்குத் தாயுமில்லை, நோவுமில்லை. கதாநாயகன் இருபது பேரை அடித்து விழுத்துகிறான். அந்த இருபது பேரில் ஒருவராவது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பதைக் காட்டிய படம் எத்தனை?

எமது நாட்டில் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டில் ஆரம்பமாகி, 1982இல் ரூபவாஹினியும் வந்தது. ஊரில் வசதியான ஓரிரு வீடுகளிலேயே அன்று பெட்டி இருந்தது. பின்னர் யுத்தக் காலத்தில் மின்சாரம் இல்லாமற் போக, ஜெனரேற்றரும் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடியப் படம் பார்த்ததை நடுத்தர வயதினர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் படங்களிலும் அடிதடி இருந்தது. ஆனால் அயலெல்லாம் ஒன்றாக இருந்தது. கத்திக்குத்துக் காட்சி வந்தால் அம்மம்மா பேரனின் கண்ணைப் பொத்துவார். "உது சிவப்புச் சாயமடா" என்று பெரியப்பா சொல்லுவார். கொலைகாரனைக் கிழவிமார் மண்ணள்ளித் திட்டுவார்கள். காட்டப்படுவது பொய் என்பதும், செய்யப்படுவது பிழை என்பதும் அவ்விடத்திலேயே பிள்ளையின் காதில் விழுந்துவிடும்.

இன்று வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து திரை. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது சூம் வகுப்புக்கென்று கடன்பட்டும் கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்தோம். அது அந்த வேளையில் அவசியமாகவே இருந்தது. வகுப்பு முடிந்தது, தொலைபேசி பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. தியேட்டர் வாசலில் வயது வந்தோருக்கு மட்டும் என்று எழுதித் தொங்கவிட்டால், சீட்டுக் கிழிப்பவர் ஒருவராவது சிறுவனைத் திருப்பி அனுப்புவார். கைத்தொலைபேசிக்கு அப்படியொரு வாயிற்காவலர் இல்லை. ஒரு வெட்டுக் காட்சியைப் பார்த்து முடித்தால் அடுத்ததை அதுவே கொண்டுவந்து முன்னால் வைக்கின்றது. தலையணைக்குள் முகம் புதைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு அருகில் கண்ணைப் பொத்த ஒருவருமில்லை.

இதைப் பற்றி அறிஞர்கள் பலகாலமாக ஆராய்ந்துள்ளனர். 1961ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அல்பேர்ட் பண்டுரா என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் பாலர் பாடசாலைப் பிள்ளைகள் 72 பேரைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தார்கள். காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றை வளர்ந்தவர் ஒருவர் குத்துகிறார், மரச் சுத்தியலால் அடிக்கிறார். ஒரு பகுதிப் பிள்ளைகள் இதைப் பார்த்தார்கள். வேறு சிலர் அமைதியாக இருந்த ஒருவரைப் பார்த்தார்கள். மற்றையோர் எவரையும் பார்க்கவில்லை. பின்னர் அந்தப் பொம்மை இருந்த அறைக்குள் விட்டபோது, அடியைப் பார்த்த பிள்ளைகள் அடித்த விதத்தையும் அடித்தவர் சொன்ன சொற்களையும் அப்படியே செய்து காட்டினர். 1963இல் நேரில் காட்டாமல் படமாகக் காட்டியபோதும் அதே விளைவுதான்.

எனக்கு அதிகம் யோசனையைத் தந்தது 1965இல் பண்டுரா வெளியிட்ட அடுத்த ஆய்வு. அதில் படத்தின் முடிவு மூன்று விதமாக இருந்தது. ஒன்றில் அடித்தவருக்குப் பாராட்டும் பரிசும் கிடைத்தன. மற்றொன்றில் தண்டனை கிடைத்தது. மூன்றாவதில் ஒன்றும் நடக்கவில்லை. தண்டனையைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். நல்ல முடிவு காட்டினால் போதும் என்று இத்துடன் திருப்திப்பட்டிருக்கலாம். ஆனால் பின்னர், பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு தருவதாகச் சொன்னவுடன் மூன்று பகுதிப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் செய்து காட்டினார்கள். அதாவது பாடம் எல்லாருக்குள்ளும் இறங்கியே இருந்தது. வெளியே வருவதற்குத் தருணம் மாத்திரமே வேண்டியிருந்தது. கடைசிக் காட்சியில் வில்லன் சாகிறான்தானே, நீதி வென்றதுதானே என்று சொல்லும் பெற்றோர் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

பொம்மையை அடிப்பதும் மனிதனை அடிப்பதும் ஒன்றா என்று இந்தப் பரிசோதனையைக் குறை சொன்னவர்களும் உண்டு. நியாயமான கேள்வியே. 6 வயது முதல் 10 வயது வரையில் வன்முறை நிகழ்ச்சிகளை எவ்வளவு பார்த்தார்கள் என்று பதியப்பட்ட பிள்ளைகளைச் சுமார் 15 வருடங்களின் பின் தேடிப் பிடித்து, 329 பேரை விசாரித்த ஆய்வொன்று 2003இல் வெளியானது. ஆண் பெண் இருபாலாரிலும் அவற்றை அதிகம் பார்த்தவர்களிடம் வளர்ந்தபின் முரட்டுக் குணம் கூடியிருந்ததாக அது கூறியது. திரையில் வருவது உண்மை என்று நம்பிய பிள்ளைகளுக்கும், அடிக்கின்ற பாத்திரத்தோடு தம்மை ஒன்றாக்கிக் கொண்ட பிள்ளைகளுக்கும் அதன் தாக்கம் அதிகம்.

முப்பது வருடங்களுக்கு மேலாக அரசாங்கக் கோவைகளோடு சீவித்த இலிகிதன் நான். கோவையில் உள்ளதை மாத்திரம் எழுத வேண்டும், இல்லாததைக் கூட்டக்கூடாது என்பது பழகிப்போன விடயம். ஆகவே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வன்முறை விளையாட்டுக்களுக்கும் பிள்ளைகளின் முரட்டுப் போக்குக்கும் தொடர்பு உண்டு என்று கூறிய அமெரிக்க உளவியல் சங்கம், அவற்றை வைத்துக் கொலை போன்ற பாரிய குற்றங்களுக்குக் காரணம் காட்டுவதற்கு ஆதாரம் போதாது என்று 2020இல் தெளிவுபடுத்தியது. எங்கள் குடாநாட்டு வாள்வெட்டுச் சம்பவங்களுக்கும் சினிமாதான் முழுக் காரணம் என்று யாராவது மேடையில் முழங்கினால் நான் கைதட்ட மாட்டேன். யுத்தம், இடப்பெயர்வு, தகப்பன் இல்லாத வீடு, வேலையின்மை, போதைப்பொருள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆனால் வாளைத் தூக்கிப் பிடிப்பதில் ஒரு பெருமை உண்டு என்பதை அந்த இளைஞருக்கு யார் காட்டினார்? பிறந்தநாட் கேக்கை வாளால் வெட்டிப் படமெடுத்துப் பரப்பியவர்களைப் பற்றித் தமிழகத்திலிருந்தும் இங்கிருந்தும் பத்திரிகையில் வாசித்தோம். கேக் வெட்ட வீட்டில் கத்தி இல்லாமலா வாள் எடுத்தார்கள்?

அடியார்களே, இவ்வளவும் சினிமாவைப் பற்றியும் கேமைப் பற்றியும். இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம்.

கடந்த வருடக் கந்தசஷ்டியிலே சூரன்போர் முடிந்து கூட்டம் கலைகின்ற நேரம், ஒன்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் என்னிடம் வந்து கேட்டான்: "ஐயா, படத்திலை வெட்டுற சீன் வந்தா அம்மா நிப்பாட்டிப் போடுவா. இஞ்சை சூரன்ர தலை விழேக்கை மட்டும் தூக்கி வைச்சுக் காட்டுறா. ஏன்?"

கேள்வி கேட்டவனைத் தாயார் அதட்டினார். பிள்ளை கேட்டதில் பிழையில்லை என்று நான் சொன்னேன். எங்கள் சமயத்தைப் பார்த்துப் பிறர் கேட்கக்கூடிய கேள்வியை எங்கள் பிள்ளையே கேட்டால் அதற்கு விடை சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணத்தில் வேல் எடுத்த எடுப்பிலேயே எறியப்படவில்லை. முதலிலே வீரவாகு தேவர் தூதாகச் சென்று, தேவரைச் சிறைவிடும்படி கேட்கிறார். சூரனுடைய சொந்தத் தம்பியாகிய சிங்கமுகனே அண்ணனுக்குப் புத்தி சொல்கிறான். போர்க்களத்திலும் பெருமான் தமது விசுவரூபத்தைக் காட்ட, சூரன் ஒரு கணம் பகை மறந்து துதிக்கிறான், பின்னர் மீண்டும் ஆணவம் மேலிடுகின்றது. கடைசியில் மாமரமாகி நின்றவனை வேல் இரண்டாகப் பிளந்தபோது அவன் அழிந்தொழிந்தானா? மயிலும் சேவலுமானான். மயில் வாகனமாயிற்று, சேவல் கொடியாயிற்று. எதிர்த்து வந்தவன் இன்று நாங்கள் பெருமானைக் கும்பிடும் பொழுதெல்லாம் கூடவே கும்பிடப்படுகிறான். தண்டிப்பது போலத் தோன்றி ஆட்கொள்வதை மறக்கருணை என்பார்கள் எம் பெரியோர். எந்தச் சினிமாவில் கதாநாயகன் வில்லனைத் தன் தோளோடு தோளாக வைத்துக்கொண்டான்?

இதைச் சிறுவனுக்கு அவனுடைய பேச்சிலேயே சொன்னேன். "அப்ப சூரன் சாகேல்லையா?" என்று கேட்டான். அவன் மூன்று வருடம் சூரன்போர் பார்த்தவன்.

அந்த ஒரு கேள்வியிலேயே விடயம் முழுவதும் இருக்கின்றது. பறை மேளமும், சூரனைத் தோளில் சுமந்து இளைஞர் ஆட்டுகின்ற ஆட்டமும், தலை மாற்றுவதும் மாத்திரம் ஒரு பிள்ளையின் கண்ணில் விழுந்து, கதை காதில் விழாமற் போனால், கோயில் வீதியில் நடப்பதும் அவனுக்கு இன்னொரு சண்டைப் படமே. அதையும் இப்போது பாதிப் பேர் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துத் திரையினூடாகத்தான் பார்க்கிறார்கள். அன்று பிற்பகல் மண்டபத்தில் நடந்த புராண படனத்தில் ஏழெட்டு முதியவர்களே அமர்ந்திருந்தோம்.

எங்கள் முன்னோர் ஒரு நல்ல ஒழுங்கு வைத்திருந்தார்கள். புராணத்தை ஒருவர் ராகத்தோடு வாசிப்பார், அருகில் இருந்து மற்றொருவர் பயன் சொல்லுவார். வாசிப்பவர் மட்டும் இருந்தால் அது படனம் ஆகாது. போர்ப் படலங்களில் இரத்த ஆறு ஓடுகின்ற வருணனை இல்லையா? உண்டு. ஆனால் பயன் சொல்பவர் அவ்விடத்தில் நிறுத்தி, ஏன் இது நேர்ந்தது, எந்தக் குணம் இவனை இங்கே கொண்டுவந்தது என்று விரித்து உரைப்பார். அதனால் கேட்பவன் மனம் கொடுமையிலே தங்காது. எங்கள் வீட்டுத் திரைக்கு வாசிப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பயன் சொல்ல ஒருவரும் இல்லை. முற்றத்தில் படம் பார்த்த காலத்தில் அம்மம்மாவும் பெரியப்பாவும் செய்தது அந்தப் பயன் சொல்லும் வேலைதான்.

எனவே திரையை உடைத்தெறியுங்கள் என்று எழுத நான் விரும்பவில்லை, நடக்கக்கூடிய காரியமுமன்று. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு மட்டும் கண்டிப்பு வேண்டும். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. கைத்தொலைபேசியைக் காட்டிச் சோறு தீத்தும் தாய்மார் இதைக் கவனிக்கவும். வளர்ந்த பிள்ளைகளோடு கூட இருந்து பாருங்கள். "இவனை அடிச்சது சரியோ? உன்ர அண்ணாவை இப்பிடி அடிச்சா?" என்று இரண்டு கேள்வி கேட்டாலே போதும். மூடிய அறைக்குள் பார்ப்பதை விறாந்தைக்குக் கொண்டு வந்தாலே பாதி குறையும்.

பெரியவர்களும் தாங்கள் பார்ப்பதைக் கவனிக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டு வேளையில் விபத்துக் காட்சியும் கொலைச் செய்தியும், அதன்பின் மாமியார் மருமகளுக்கு நஞ்சு வைக்கும் நாடகமும் ஓடுகின்றன. தொலைக்காட்சியை அதிகம் பார்ப்பவர்கள் உலகத்தை உள்ளதிலும் கொடியதாக எண்ணத் தொடங்குகிறார்கள் என்று ஜோர்ஜ் கேர்ப்னர் என்ற அறிஞர் சொல்லியிருக்கிறார். அயலவரோடு பேச்சில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கின்ற வீடுகளைக் காணும்போது எனக்கு அந்த ஞாபகம் வருவதுண்டு.

இன்னுமொரு விடயம். திருவிழாக் கடைகளில் பிளாஸ்ரிக் துவக்குகள் தாராளமாக விற்பனையாகின்றன. போன திருவிழாவில் சுவாமி வீதிவலம் வருகின்ற வேளையில் பிள்ளையொன்று அதை இயக்க, அந்தச் சத்தத்துக்கு ஒரு தாய் குந்திவிட்டார். 2009இல் எந்த இடத்தில் இருந்து மீண்டு வந்தவர் என்பது ஊருக்குத் தெரியும். கடைகளுக்கு இடம் வழங்கும்போது துவக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையைச் சேர்க்குமாறு பரிபாலன சபையில் நான் பிரேரித்துள்ளேன். வியாபாரிகளின் பிழைப்பைக் கெடுக்கலாமா என்று இரு அங்கத்தவர்கள் ஆட்சேபித்தனர். அதுவும் யோசிக்க வேண்டியதே. அடுத்த பொதுக்கூட்டத்தில் அடியார்களும் தங்கள் கருத்தைச் சொல்லலாம்.

இவ்வருடம் சூரன்போர் தினத்தன்று பிற்பகல் 2 மணிக்கு மண்டபத்தில் சூரபன்மன் வதைப் படலம் படிக்கப்படும். பயன் சொல்பவர் சிறுவர்களுக்கு விளங்கும் பேச்சுத் தமிழிலேயே சொல்வதற்கு இணங்கியுள்ளார். முன்வரிசைப் பாய்கள் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்படும், கேள்வி கேட்கவும் நேரம் உண்டு. பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளைப் பெற்றோர் வாங்கி வைத்துக்கொள்ளவும். தங்களுடையதையும் அணைத்துவிட்டால் பின்வரிசையில் இருக்கும் எங்களுக்கும் பயன் கேட்கும்.