சிலந்திக்கும் ரிஜ்கு உண்டு

 

கி.பி. 622-ல், ஹிஜ்ரத்தின்போது, தவ்ர் குகை வாயிலில் சிலந்தி வலை பின்னிய வரலாற்றை மௌலூது மஜ்லிஸ்களில் கேட்டு மனம் உருகுகிறோம். வீட்டுச் சுவரில் பெரிய சிலந்தி ஒன்று தென்பட்டாலோ, நம்மில் பலர் விளக்குமாற்றைத் தேடுகிறோம்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் வீடுகளுக்கு வரும் இந்தப் பெரிய சிலந்தி, வலைவிரித்து இரை பிடிக்கும் இனமன்று. கால்களை விரித்தால் 12 சென்டிமீட்டர் வரை இருக்கும். பகலில் அலமாரியின் பின்னாலும் சாக்குகளின் இடுக்கிலும் ஒதுங்கிக் கிடக்கும். விளக்கணைந்தபின் வெளிவந்து கரப்பான்பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். சில வேளைகளில் வயிற்றின் கீழே வெள்ளை வில்லை போன்ற ஒன்றைச் சுமந்து நிற்கும். அது முட்டைப்பை; சுமப்பது தாய்.

ஓடையோரங்களில் மீன்பிடிச் சிலந்தி என்றோர் இனம் உண்டு. முன்கால்களை நீர்மேல் வைத்து, அசைவறிந்து, பூச்சியையும் சிறு மீனையும் பிடிக்கும். அந்தத் தாயும் முட்டைப்பையை வாயில் கவ்வியே சுமக்கிறது.

திருமறையின் 29-ஆவது அத்தியாயத்துக்கே ‘அன்கபூத்’, அதாவது சிலந்தி, என்று பெயர். அதன் 41-ஆவது வசனம் சிலந்தி வீட்டின் பலவீனத்தை உவமையாக்குகிறது. அங்கே பழிக்கப்படுவது சிலந்தியன்று. அல்லாஹ்வை விட்டுப் பிறரிடம் புகல் தேடும் மனிதனே! அதே அத்தியாயத்தின் 60-ஆவது வசனம், உணவைச் சுமந்து திரியாத பிராணிகளுக்கும் நமக்கும் ரிஜ்கு அளிப்பவன் ஒருவனே என்று உணர்த்துகிறது.

சிந்தித்துப் பாருங்கள். அரிசி மூட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டே நாளைய வியாபாரத்தை எண்ணிக் கலங்குகிறோம் நாம். நாளைக்கென்று ஒன்றும் சேர்த்துவைக்காத சிலந்திக்கோ, நம் சமையற்கட்டுக் கரப்பானையே அவன் ரிஜ்காக்கி வைத்திருக்கிறான். அந்தக் கரப்பானுக்காக உணவுப் பண்டங்களின் நடுவே விஷமருந்து அடிக்கும் நாம், கூலி கேளாமல் அதே வேலையைச் செய்வதை அடித்துக் கொல்வது எந்த நியாயம்?

‘கடித்துவிடாதா?’ என்பீர்கள். நெருக்கினால் கடிக்கும், வலிக்கும். ஆனால் மனித உயிருக்கு ஆபத்தானதன்று. அச்சமாயிருந்தால் அகலவாய்ப் புட்டியால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, வெளியே கொண்டுபோய் விடுங்கள்.

பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வாயற்ற ஜீவனைப் பற்றியும் நாளை நம்மிடம் கேள்வி உண்டு. மேலும், நம் பிள்ளைகள் இரக்கத்தைக் கற்பது பயானில் மட்டுமன்று; சிலந்தியைக் கண்டதும் நம் கை என்ன செய்கிறது என்பதைப் பார்த்தும்தான்.

வல்ல அல்லாஹ் அவன் படைப்புகளைக் கருணையோடு நோக்கும் உள்ளத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.