அடுத்த வீட்டுக்குக் குடும்பத்தோடு போங்கள்

தமிழ்நாட்டில் 100 பேரில் 13 பேருக்கும் மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள் என்பது 2021ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் கணிப்பு. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியே வாழும் ஒரு தாத்தாவோ பாட்டியோ உங்கள் தெருவிலும் இருக்கக்கூடும். உதவப் போகும்போது குடும்பத்தோடு போங்கள். ஒற்றை ஆளாகப் போகிறவர் வேலையை முடித்ததும் கிளம்பிவிடுவார். குடும்பமாகப் போனால் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும்.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று தர வேண்டிய மாதம் நவம்பர். முகத்தைப் படம்பிடித்துக் கைப்பேசியிலேயே அதைப் பதிவு செய்யும் வசதி 2021 இறுதியில் வந்துவிட்டது. கல்லூரி செல்லும் மகள் உட்கார்ந்து முடித்துத் தருவாள். “ஓடிபி எண்ணை முன்பின் தெரியாதவர்கள் கேட்டால் சொல்லிடாதீங்க தாத்தா” என்றும் எச்சரிப்பாள். கண்புரை அறுவைக்குப் பிறகு சில வாரங்களுக்குச் சொட்டு மருந்து தினமும் பல தடவை விட வேண்டும். நடுங்கும் கைக்கு அது பெரும்பாடு. காலையில் அம்மா, இரவில் அப்பா என்று முறை வைத்துக்கொள்ளலாம். சின்னவன்? அவன் கதை கேட்கட்டும். நாளெல்லாம் பேச ஆளில்லாதவருக்கு அதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரியவில்லை.

பதிலுக்கு அவர்களிடமும் ஏதாவது கேளுங்கள்: ஊறுகாய்ப் பக்குவமோ, கணக்குப் பாடமோ. வாங்கிக்கொண்டே இருப்பதில் அவர்களுக்குக் கூச்சம் உண்டு. நீங்கள் ஊரில் இல்லாத நாட்களுக்காக, மூத்த குடிமக்களின் கட்டணமில்லா உதவி எண் 14567ஐப் பெரிதாக எழுதி அவர்கள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.